டிரான்சிஸ்டருக்கு வைத்த சிவப்புப் பொட்டு

மதியச் சாப்பாட்டு நேரம். கடையின் ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு, மகளுடைய நெயில் பாலிஷ் குப்பியை மேசையில் வைத்துத் திறந்தேன். எதிரே எட்டு டிரான்சிஸ்டர்கள் வரிசையாகக் கிடந்தன. ஆம்ப்ளிபயரில் கடைசியாக நின்று ஸ்பீக்கரைக் கத்த வைக்கிற பெரிய சாமான்கள் அவை. கறுப்பாக, பெருவிரல் அகலத்தில், மூன்று கால்களோடு இருக்கும். ஒவ்வொன்றின் ஓரத்திலும் கடுகளவுக்கு ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன். சீக்கிரம் காயட்டும் என்று ஊதினேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று ஒரு காது வெளியிலேயே இருந்தது.

என் சொந்தக் கடையில் நானே திருட்டு முழி முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாம் ஆசீர்வாதத்தைப் பிடிப்பதற்குத்தான்.

ஆசீர்வாதம் என் கடைக் கூட்டாளி. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து தினமும் பைக்கில் வருவான். என்னைவிட ஏழெட்டு வயது இளையவன். அப்போது நாங்கள் சேர்ந்து கடை வைத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. பழுது எங்கே என்று கண்டுபிடிப்பது என் வேலை. மதுரைக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவதும், கழற்றி மாட்டி, ஈயத்தை உருக்கிச் சால்டர் வைப்பதும் அவன் வேலை. கடைக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், இன்னொன்று அவனிடம். பெரும்பாலும் அவன்தான் முதலில் வந்து திறப்பான்.

அவன் திருடனா இல்லையா என்பதை இந்த எட்டுப் பொட்டும் சொல்லிவிடும் என்று நம்பினேன்.

ஸ்டூலில் உட்காருகிறவர்கள்

பத்திரிகையில் நான் எழுதிவரும் இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகர், "நீங்கள் வாழ்க்கையில் யாரையுமே நம்பியதில்லையா?" என்று கேட்டு எழுதியிருந்தார். என் வீட்டுக்காரரும் இதையேதான் கேட்பார். சாம்பாரில் உப்பு சரியாக இருந்தால்கூட, யார் வந்து போட்டது என்று நான் கேட்பேனாம். அவர் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

எனக்கு இந்தக் குணம் தொழிலில் ஒட்டியது. சங்கரன்கோவிலில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம், இரண்டு பக்கமும் விசைத்தறி ஓடுகிற ஒரு தெருவில் எங்கள் கடை. எங்கள் ஊரில் கோமதி என்று கூப்பிட்டால் தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் ஆம்ப்ளி ரிப்பேர் பார்க்கிற கோமதி நான் ஒருத்திதான். ஒரு பொம்பளை ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததுமே வருகிறவர்களின் முகம் சுருங்கிவிடும். ஆம்ப்ளியைக் கொடுத்துவிட்டுப் போக மாட்டார்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, மூடியைக் கழற்றியதிலிருந்து திரும்ப மூடுகிற வரைக்கும் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நல்ல சாமானை உருவிக்கொண்டு மட்டமானதை மாட்டிவிடுவேனாம்.

இதில் நெயில் பாலிஷ்காரர்கள் தனி ரகம். விசேஷ வீடுகளுக்கு மைக், ஸ்பீக்கர் என்று ரேடியோ செட் வாடகைக்கு விடுகிறவர்கள் ஆம்ப்ளியை ரிப்பேருக்குக் கொண்டுவருவதற்கு முன்னால் உள்ளே முக்கியமான சாமான்களில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்துவிடுவார்கள். திரும்ப வாங்கும்போது டார்ச் அடித்து அந்தச் சொட்டு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மூடியைக் கழற்றியதும் உள்ளே ரோஸ் கலரில் ஒரு சொட்டைப் பார்த்தால் எனக்கு அன்றைக்குப் பூராவும் எரிச்சலாக இருக்கும். என்னைத் திருடி என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால்கூட இத்தனை கோபம் வராது.

அந்த வேலையைத்தான் நான் ஆசீர்வாதத்துக்குச் செய்தேன்.

அவர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. இந்தச் சாமான்களில் போலி அவ்வளவு மலிந்து கிடக்கிறது. வெளியே பார்த்தால் அதே எழுத்து, அதே எண். சந்தேகம் வந்தால் ஒன்றைப் பிளையரில் வைத்து உடைத்துப் பார்ப்பேன். அசலில் உள்ளே இருக்கிற சில்லு சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும். போலியில் அரிசிக் குருணை அளவுக்குத்தான் இருக்கும். சும்மா பாட்டு ஓடுகிற வரைக்கும் தாங்கும். சத்தத்தைக் கூட்டினால் வெடித்துவிடும்.

ராயகிரி மாடசாமி அண்ணாச்சி

ராயகிரியில் ரேடியோ செட் வைத்திருந்தவர் மாடசாமி அண்ணாச்சி. அவருடைய பெரிய ஆம்ப்ளி ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் எங்களிடம் வந்தது. சின்ன வேலைதான். வால்யூம் திருகினால் கரகரவென்று சத்தம். பூஜை முடிந்த மறுநாள் வால்யூம் குமிழை மாற்றிக் கொடுத்து அனுப்பினோம்.

மூன்று வாரம் கழித்து, ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு விடியக்காலை முகூர்த்தத்தில் புகைந்துவிட்டதாம். எட்டு அவுட்புட் டிரான்சிஸ்டரும் போயிருந்தன. ஆசீர்வாதம் புதிதாக வாங்கி வந்து மாட்டினான். நான் சோதித்தேன். எங்கள் வழக்கம், ரிப்பேரான ஆம்ப்ளியை நேரடியாகக் கரண்டில் போட மாட்டோம். நடுவில் ஒரு பழைய நூறு வாட் குண்டு பல்பைக் கோர்த்துவிடுவோம். உள்ளே எல்லாம் ஒழுங்காக இருந்தால் பல்பு ஒருமுறை பளிச்சென்று எரிந்து உடனே மங்கிவிடும். கோளாறு இருந்தால் மங்காமல் எரியும். கரண்டையும் அதுவே மட்டுப்படுத்திவிடுவதால் சாமான் தப்பித்துக்கொள்ளும். அன்று பல்பு அழகாக மங்கியது. பிறகு நேரடிக் கரண்டில் போட்டு மத்தியானம் பூராவும் பாட்டை ஓடவிட்டோம். குறையே இல்லை.

பத்து நாளில் மறுபடியும் வந்தார். மறுபடியும் விடியக்காலை, மறுபடியும் கல்யாணம். இந்த முறை அவர் ஸ்டூலில் உட்காரவில்லை.

"ஏம்மா கோமதி, நீ போட்டது அசலா டூப்ளிகேட்டா? மாப்பிள்ள தாலியக் கையில எடுக்காரு, ஸ்பீக்கர்ல ஙொய்ன்னு ஒரு சத்தம். பொறவு பொகை. கல்யாண வீட்டுக்காரன் என்னையப் பாத்த பார்வை இருக்கே, அதை இப்பச் சொல்லவா?"

"டூப்ளிகேட் போடுத கடை இல்ல அண்ணாச்சி இது."

"நீ போட மாட்ட. ஒனக்கு வாங்கிட்டு வாரவன் போடுவாம்லா." குரலைத் தணித்துக்கொண்டார். "ஒரு கண்ணு வச்சுக்கோ தாயி. நான் சொன்னேன்னு சொல்லாத."

ஆசீர்வாதம் அப்போது டீ வாங்கப் போயிருந்தான்.

நான் போட்ட முடிச்சுகள்

மாடசாமி அண்ணாச்சி போன பிறகு, கருகிய எட்டில் இரண்டை உடைத்துப் பார்த்தேன். உள்ளே கரிதான் இருந்தது. சில்லு பெரியதா சிறியதா என்று தெரியவில்லை. டப்பாவில் மிச்சமிருந்த ஒன்றையும் கருகிய ஒன்றையும் பக்கத்தில் வைத்து லென்ஸில் பார்த்தேன். எழுத்து கொஞ்சம் வித்தியாசமாக இருந்தது. வேறு வேறு தடவை தயாரித்ததில் எழுத்து மாறும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அன்றைக்கு அந்த அறிவு வேலை செய்யவில்லை.

அதற்குப் பிறகு அவன் செய்ததெல்லாம் குற்றமாகத் தெரிந்தது. மதுரையிலிருந்து முன்பெல்லாம் சாயங்கால வண்டியில் வருகிறவன், போன தடவை ஏன் தாமதமாக வந்தான்? நான் உள்ளே வந்ததும் ஏன் போனை வைத்தான்? அசலுக்கென்று பணம் வாங்கிக்கொண்டு போய்ப் போலியை வாங்கிவந்து மிச்சத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறானா?

தோண்டத் தோண்டப் பழையதும் வந்தது. ஆயுத பூஜைக்கு வருடா வருடம் கடையைக் கழுவி, எல்லாச் சாமானுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, செம்பில் மஞ்சள் தண்ணீரும் குங்குமமும் கலந்து வேப்பிலையால் தெளிப்பேன். ஆசீர்வாதம் சர்ச்சுக்குப் போகிறவன். ஆனாலும் பூஜைக்கு வந்து நிற்பான், பொரியும் சுண்டலும் சாப்பிடுவான். அந்த வருடம் நான் செம்பைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் மேசையிலிருந்த ஆம்ப்ளியின் மேல் ஒரு பேப்பரை விரித்து மூடினான். ஏதோ சொன்னான். நான் காதில் வாங்கவில்லை. எங்கள் சாமித் தண்ணீர் படக்கூடாது என்று நினைக்கிறான் என்று எனக்குச் சுருக்கென்றது. பேப்பரை இழுத்துக் கீழே போட்டுவிட்டு, அந்த இடத்தில் இரண்டு கை கூடவே தெளித்தேன். அதையும் இப்போது கணக்கில் சேர்த்துக்கொண்டேன். பன்னிரண்டு வருடமாக இவன் மனதில் வேறு என்னவெல்லாம் இருந்ததோ என்று யோசித்தேன்.

மதுரையிலிருந்து எட்டுப் புது டிரான்சிஸ்டர்கள் வாங்கி வந்தான். எட்டுக்கு ஒன்பதாக வாங்கிவரச் சொல்லியிருந்தேன்; கூடுதலாக இருந்த ஒன்றை உடைத்தேன். உள்ளே பெரிய சில்லு. அசல்தான். அப்படியானால் என் மேசைக்கும் ஆம்ப்ளிக்கும் நடுவிலேதான் மாற்றுகிறான் என்று முடிவு கட்டினேன். அவன் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் நெயில் பாலிஷ் குப்பியைத் திறந்தது அதனால்தான்.

"யாருக்குக்கா அடையாளம்?"

சாப்பிட்டுவிட்டு வந்து கையைத் துடைத்துக்கொண்டு வேலைக்கு உட்கார்ந்தான். நான் வேறு ஒரு செட்டைப் பார்ப்பதுபோல முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்க் கண்ணாடி அலமாரியில் அவன் கை தெரிந்தது.

முதல் டிரான்சிஸ்டரை எடுத்தவன் நின்றுவிட்டான். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். இரண்டாவதை எடுத்தான். எட்டையும் எடுத்துப் பார்த்து முடித்தான்.

"அக்கா, இது என்ன பொட்டு?"

"சும்மாதான். ஒரு அடையாளத்துக்கு."

"நம்ம கடைல நாம ரெண்டு பேருதான் இருக்கோம். யாருக்குக்கா அடையாளம்?"

நான் கையிலிருந்த செட்டில் ஒரு திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தேன். தறிகள் மதியத்துக்கு நின்றிருந்த நேரம் அது. தெருவே அமைதியாகக் கிடந்தது. வழக்கமாக ஆம்ப்ளியில் இரைச்சல் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்பதற்கு நான் காத்திருக்கிற நேரம்.

அவன் சால்டரிங் அயர்னின் நுனியைத் துடைத்து, ஸ்டாண்டில் வைத்து, சுவிட்சை அணைத்தான். எட்டையும் ஒரு தட்டில் போட்டு என் பக்கம் நகர்த்தினான். பைக் சாவிக் கொத்திலிருந்து கடைச் சாவியைக் கழற்றினான். வளையம் இறுக்கமாக இருந்ததால் கொஞ்சம் நேரம் பிடித்தது. நான் அப்போதாவது எழுந்து பேசியிருக்கலாம். பேசவில்லை.

"எண்ணிப் பாத்துக்கிடுங்கக்கா. எட்டும் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினான்.

அப்போதும் எனக்கு வருத்தம் வரவில்லை என்பதை இங்கே ஒளிக்காமல் எழுத வேண்டும். மாட்டிக்கொண்டதும் கோபப்படுகிறான் பார் என்றுதான் நினைத்தேன்.

வாயால் ஊதியது

மறுநாள் நானே எட்டையும் மாட்டினேன். மத்தியானம் பல்பைக் கோர்த்துப் போட்டேன். பளிச்சென்று எரிந்து மங்கியது. என் கண்முன்னால் இருந்த அசல் சாமான், நானே வைத்த சால்டர். இனி என்ன ஆகிவிடும் என்று மாடசாமி அண்ணாச்சிக்குப் போன் போடப் போனேன். ஆனால் நான் என்னையே நம்பாதவள். இன்னும் ஒருதடவை பார்த்துவிடுவோம் என்று வைத்துவிட்டேன்.

இரவெல்லாம் மழை. காலையில் கடையைத் திறந்தபோது சுவரெல்லாம் வியர்த்திருந்தது. வந்ததும் வராததுமாகச் சுவிட்சைப் போட்டேன். பல்பு எரிந்தது, மங்கவில்லை. பதறி அணைத்தேன். பல்பு நடுவில் இருந்ததால் சாமான் தப்பித்தது.

பதினொரு மணிக்கு வெயில் லேசாக எட்டிப் பார்த்ததும் மறுபடியும் போட்டேன். ஒன்றுமே நடக்காததுபோலப் பல்பு மங்கியது.

முதலில் கரண்டைச் சந்தேகப்பட்டேன். தறிகளைச் சந்தேகப்பட்டேன். ஆசீர்வாதம் போகிறபோது ஏதாவது செய்துவிட்டுப் போனானோ என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன். அடுத்த நாள் காலையிலும் அதேதான். காலையில் கோளாறு, மத்தியானம் சரி. கல்யாண வீடுகளில் புகைந்ததும் விடியக்காலையில்தான். நான் சோதித்ததெல்லாம் மத்தியானத்தில்.

ஈரம்.

மூடியைக் கழற்றினேன். வெயில் ஏறியிருந்தது, பல்பு மங்கலாக இருந்தது. போர்டுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய், கண்ணாடி துடைப்பதற்கு ஊதுவோமே, அப்படி வாய்க்காற்றை ஊதினேன். பக்கத்தில் பல்பு சிவந்து எழுந்தது. காற்றை நிறுத்தினேன். மெல்ல மங்கியது. போர்டின் ஒவ்வொரு மூலையிலும் ஊதிக்கொண்டே வந்தேன். ஒரே ஒரு இடத்தில்தான் பல்பு பதில் சொன்னது. டிரான்சிஸ்டர்கள் சும்மா இருக்கும்போது எவ்வளவு கரண்ட் இழுக்கலாம் என்று நிதானப்படுத்துகிற ஒரு சின்னத் திருகு இருக்கும். அதற்கு அடியில்.

அங்கே ஒரு மஞ்சள் கறை இருந்ததை முன்பே பார்த்திருந்தேன். சால்டர் வைக்கும்போது ஈயத்திலிருக்கிற ரெசின் பிசின் உருகி அதே நிறத்தில்தான் படியும் என்பதால் கண்டுகொள்ளவில்லை. இப்போது லென்ஸில் பார்த்தேன். கறையின் ஓரத்தில் குங்குமம் திட்டாகக் காய்ந்திருந்தது.

ஆயுத பூஜையன்று வால்யூம் வேலைக்காக மூடியில்லாமல் மேசையில் கிடந்த இதே ஆம்ப்ளி. அதன் மேல் ஆசீர்வாதம் விரித்த பேப்பர். நான் இழுத்துக் கீழே போட்ட பேப்பர்.

மஞ்சளும் குங்குமமும் காய்ந்து கிடக்கிறவரை ஒன்றும் செய்யாது. காற்றில் ஈரம் ஏறினால் அதுவும் ஈரத்தைக் குடித்துக்கொண்டு, போகக்கூடாத இடத்துக்குக் கரண்டைக் கடத்திவிடும். அப்புறம் அசல் டிரான்சிஸ்டர் என்ன, எதுவுமே தாங்காது. தின்னரும் பல்துலக்கும் பிரஷும் எடுத்துத் தேய்த்தேன். ஐந்து நிமிட வேலை. பிறகு நெஞ்சு காலியாகிற வரைக்கும் ஊதியும் பல்பு அசையவில்லை.

ஸ்டூலில் உட்கார்ந்தேன். வாடிக்கையாளர்கள் உட்கார்ந்து என்னை வேவு பார்க்கிற அதே ஸ்டூல். வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரம் அழுதேன்.

கரிவலத்தில்

மத்தியான பஸ்ஸில் கரிவலம்வந்தநல்லூருக்குப் போனேன். ஆசீர்வாதம் வீட்டு வாசலில் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து யாருடைய மிக்ஸியையோ பிரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"மழைல ஏன்க்கா வந்திய? போன் பண்ணியிருக்கலாம்லா."

"போன்ல சொல்லுத விஷயம் இல்ல ஆசீர்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பல்பு, ஈரம், மஞ்சள் கறை, பேப்பர். அவன் திருகாணிகளை ஒரு மூடியில் பொறுக்கிப் போட்டுக்கொண்டே கேட்டான்.

"ஒன்னையக் கள்ளன்னு நெனச்சுட்டேன். நான் செஞ்சது தப்பு."

"அன்னைக்கே சொன்னேன்க்கா. மூடி இல்லாமக் கெடக்கு, தண்ணி உள்ள போயிரும்னு. அதான் பேப்பரையும் போட்டேன்."

"நான் வேற மாதிரி நெனச்சுட்டேன்."

"தெரியும்" என்றான். "நீங்க பேப்பர இழுத்த இழுப்புலயே தெரிஞ்சுட்டு. அதுக்கு மேல நான் என்ன பேச?"

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும். சாதாரணமாகத்தான் சொன்னான். உள்ளே போய்க் கடுங்காப்பி கொண்டுவந்து கொடுத்தான். குடித்துவிட்டு, கடைக்கு வருவாயா என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னான்.

மாடசாமி அண்ணாச்சி ஆம்ப்ளியை வாங்க வந்தபோது அவரிடமும் மறைக்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

"சாமித் தண்ணியா? இப்ப நான் யாரைப் போயி ஏச?" என்றவர், சட்டென்று முகம் மாறினார். "ஏ தாயி, நம்ம பக்கம் நாலு செட்டுக்காரன்ட்ட ஆசீர்வாதம் டூப்ளிகேட் போடுதாம்னு சொல்லிட்டேனே."

"அதே நாலு பேருட்டயும் போயி, தப்பு கோமதி மேலன்னு சொல்லுங்க அண்ணாச்சி."

"சொல்லுதேன்" என்றார். சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. எனக்கு இருக்கிற புத்திக்கு, சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் படுகிறது.

ஆணியில் தொங்குவது

அடுத்த திங்கட்கிழமை ஆசீர்வாதம் வந்தான். அவன் சாவியைச் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டி வைத்திருந்தேன். எடுத்து நீட்டினேன்.

"அது அங்கனயே கெடக்கட்டும்க்கா. கடைக்கு ஒரு சாவி போதும்."

அதற்குப் பிறகு இரண்டு ஆயுத பூஜை கழிந்துவிட்டது. வேலையில் ஒரு குறை கிடையாது. பேச்சும் சிரிப்பும் பழையபடிதான். ஆனால் தினமும் காலையில் நான் வந்து திறக்கிற வரைக்கும் தெருவுக்கு எதிர்ப்பக்கம் பைக்கில் உட்கார்ந்திருக்கிறான். மழை பெய்தாலும் தறிக்கூடத்துச் சுவரோரமாக ஒதுங்கி நிற்பானே தவிர, சாவியைக் கேட்பதில்லை.

போன பூஜைக்கு, திறந்து கிடந்த செட் எல்லாவற்றையும் நானே பேப்பர் போட்டு மூடினேன். தண்ணீரை வாசற்படியோடு நிறுத்திக்கொண்டேன். சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஸ்க்ரூ டிரைவர், பிளையர், மீட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்து, ஆணியில் தொங்கிய அந்தச் சாவிக்கும் சந்தனம் இட்டு, நடுவில் குங்குமம் வைத்தேன். ஆசீர்வாதம் பொரியை மென்றுகொண்டே அதைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். "சுண்டல்ல உப்பு கம்மிக்கா" என்றான்.

சந்தனம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. சாவி அங்கேயேதான் தொங்குகிறது. அவனைத் தெருவில் நிற்க வைக்கக் கூடாது என்று நானும் தினம் தினம் சீக்கிரமாகக் கிளம்பிப் பார்க்கிறேன். இன்று காலையிலும் எனக்கு முன்னால் வந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தான்.